குளிர்காலம் வந்தால் போட்டோ எடுக்கும் ஆர்வமே வற்றிவிடுகிறது. டொராண்டோவில் வீட்டை விட்டு அதிகம் நகராமல் புதிதாக என்ன எடுக்கலாம்?

டிசம்பர் முதல் மார்ச் வரை ‘இடம்’ தேடுவதையே நிறுத்திவிடுங்கள். கோடையில் எடுத்த அதே வகைப் படத்தைப் பனியிலும் தேடிப் போவதுதான் பலருக்கு ஆர்வம் விட்டுப்போகக் காரணம். அரை மணி நேரம் கார் ஓட்டி, விரல் விறைத்து, சாம்பல் நிற ஏரியை எடுத்துக்கொண்டு திரும்பினால் மறுநாள் யாருக்குக் கேமராவைத் தொடத் தோன்றும்? பொருளைச் சிறிதாக்குங்கள். பால்கனியில் விழும் ஒற்றைப் பனிப்படிகத்தில் ஒரு சீசனுக்கான வேலை இருக்கிறது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரியில் மைக்ரோஸ்கோப்பைக் கேமராவோடு இணைத்து ஒற்றைப் படிகத்தைப் படமெடுத்தார். 1931இல் இறக்கும்வரை அதே ஊரில் இருந்தபடி 5,000க்கும் மேல் எடுத்துக் குவித்தார். நமக்கு அந்த மைக்ரோஸ்கோப்கூட வேண்டாம்.

சிறு பொருளைப் பெரிதாகக் காட்டும் மேக்ரோ லென்ஸுக்கும் செலவு செய்யாதீர்கள். பிலிம் காலத்து 28 மி.மீ. மேனுவல் லென்ஸ் ஒன்றும், அதைத் தலைகீழாக மாட்ட ஒரு ரிவர்ஸ் ரிங்கும் போதும். ரிங் வாங்கும்போது லென்ஸின் ஃபில்டர் அளவு (பழைய லென்ஸ்களில் பெரும்பாலும் 49 அல்லது 52 மி.மீ.), உங்கள் கேமராவின் மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வாய்) இரண்டும் பொருந்த வேண்டும். அபெர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) கையால் மாற்றும் வளையம் உள்ள லென்ஸாகப் பாருங்கள். புது ஆட்டோ லென்ஸைத் திருப்பி மாட்டினால் மின்தொடர்பு போய்விடும், அபெர்ச்சரை மாற்றப் படாத பாடு படவேண்டியிருக்கும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா என்றால் மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்பதை ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் இந்த அமைப்பு சுமார் இரண்டு மடங்கு உருப்பெருக்கம் தரும், மிரர்லெஸில் அதைவிடக் குறையும். இரண்டு மடங்கில் 3 மி.மீ. படிகம், சுமார் 23 மி.மீ. அகலமுள்ள ஏபிஎஸ்-சி சென்சாரில் கால்பங்கை நிரப்பும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது சுமார் 1,500 பிக்சல், கிராப் செய்தாலும் தாங்கும். அபெர்ச்சரை எஃப் 5.6க்கு மேல் மூடாதீர்கள். இரண்டு மடங்கில் அது ஏறக்குறைய எஃப் 16 போல வேலை செய்யும், இன்னும் மூடினால், சிறிய துளையில் ஒளி பரவிப்போகும் டிஃப்ராக்‌ஷனில் விளிம்புகள் மழுங்கிப்போகும்.

படிகத்தைப் பிடிக்கக் கறுப்புக் கம்பளிக் கையுறை நல்லது. நூல் இழைகள் படிகத்தைத் தூக்கிப் பிடிப்பதால் பின்னணி மங்கிவிடும். படம் எடுக்க அரை மணி நேரம் முன்பே அதை வெளியே வைத்துவிடுங்கள், வீட்டுச் சூட்டோடு கொண்டுபோனால் பட்டதும் உருகும். மூச்சுக்காற்றும் அப்படித்தான். லென்ஸ் முனைக்கும் படிகத்துக்கும் நாலைந்து சென்டிமீட்டர்தான் இடைவெளி என்பதால் முகமும் அருகிலேயே இருக்கும். மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பி மூச்சு விடுங்கள். தாழ்வான கோணத்தில் பக்கவாட்டிலிருந்து எல்இடி டார்ச் அடித்தால் கிளைகள் மின்னும். ஐஎஸ்ஓ 1600, 1/250 நொடியில் தொடங்கிப் பாருங்கள். ஃபோகஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம். கேமராவை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தியபடி தொடர்ச்சியாக இருபது படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கீற்றுத்தான் கூர்மையாக வரும், கம்ப்யூட்டரில் அந்தக் கூர்மையான கீற்றுகளை ஒரே படமாகச் சேர்த்து ஃபோகஸ் ஸ்டாக் செய்துகொள்ளலாம்.

எல்லாப் பனிப்பொழிவும் உதவாது. படிகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது மேகத்துக்குள் இருக்கும் வெப்பமும் ஈரமும். மைனஸ் 15 டிகிரியை ஒட்டி ஆறு கிளை நட்சத்திரங்கள் வளரும், மைனஸ் 5இல் ஊசிகள். தரையில் மைனஸ் 5 முதல் 10 வரை, காற்று இல்லாமல், மெதுவாகப் பெய்யும் இரவுகளைக் குறிவையுங்கள். சவ்வரிசி போல உருண்டையாக விழுந்தால் உள்ளே போய் டீ குடிக்கலாம். பூஜ்யத்தை ஒட்டிய நாளில் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பஞ்சுத் திரளாகத்தான் வரும்.

பனி பெய்யாத கடுங்குளிர் நாட்களுக்குச் சோப்புக் குமிழி. வெந்நீர் 200 மி.லி., பாத்திரம் கழுவும் திரவம் 35 மி.லி., கார்ன் சிரப் 35 மி.லி., சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி. கலக்கி, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிரவிட்டு, ஸ்ட்ராவால் ஊதிப் பனிமேல் உட்காரவையுங்கள். மைனஸ் 10க்குக் கீழே இருந்தால் உறைவது கண்ணுக்குத் தெரியும். லேசான காற்றுக்கே உடைந்துவிடும், ஆகவே விடியற்காலைதான் நேரம். சூரியன் குமிழிக்குப் பின்னால் இருக்கட்டும். ஜன்னல் உறைபனி டபுள் கிளாஸ் வீடுகளில் அபூர்வம். இரவில் வெளியே நின்ற காரின் கண்ணாடியைச் சுரண்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள்.

வெளியே நடந்துதான் ஆகவேண்டும் என்றால் நடுப்பகலையும் ஒதுக்காதீர்கள். டிசம்பர் பிற்பகுதியில் டொராண்டோவில் சூரியன் உச்சியிலேயே சுமார் 23 டிகிரிக்கு மேல் ஏறாது. நாள் முழுக்கச் சாய்ந்த ஒளி, நீண்ட நிழல், கால்தடங்களில் ஆழம். வெள்ளையைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும் என்பதால் எக்ஸ்போஷரை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு).

உதிரி பேட்டரியை ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். குளிரில் தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரி சூடானதும் பெரும்பாலும் மீண்டும் ஓடும். உள்ளே வருமுன், வாசலிலேயே கேமராவை ஜிப்லாக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். அறை வெப்பத்துக்கு வர இரண்டு மணி நேரம் விடுங்கள், ஈரம் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். மெமரி கார்டை மட்டும் மூடுவதற்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் அவசரத்தில் பையைத் திறந்துவிடுவீர்கள்.