பாயின்ட் டூ டூ வாங்கலாமா, அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் மாதம் ஒரு சனிக்கிழமை .22 ரைஃபிள் போட்டிக்குப் போகிறான். கோப்பை வாங்கியவரும் அன்றுதான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டவரும் அடுத்தடுத்துப் படுத்துச் சுடுவார்களாம். நானும் கல்லூரி என்.சி.சி.யில் .22 சுட்டவன்தான். ஒன்று வாங்கி, சேரன்மகாதேவி பக்கம் மாமாவின் வாழைத்தோட்டத்தில் நாங்கள் ஐந்தாறு பேர் அப்படிப் போட்டி வைக்கலாமா? ஆன்லைனில் '.22 ரைஃபிள், லைசென்ஸ் வேண்டாம், வேகம் நொடிக்கு 1,200 அடி' என்று பதினைந்தாயிரத்துக்குக் கிடக்கிறது.
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிடுவோம் தம்பி. .22 என்பது அங்குலக் கணக்கில் குழலின் உள் அளவு, அவ்வளவுதான். உங்கள் மச்சான் சுடுவது வெடிமருந்து அடைத்த தோட்டா. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கும், அதுதான் ரிம்ஃபயர். என்.சி.சி.யில் சுட்ட கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கொடுத்திருப்பீர்களே, நடுவில் ஒன்றும் இருக்காது, ஓரத்தில் மட்டும் சின்னதாக ஒரு நசுங்கல் இருக்கும். ஆன்லைனில் கிடப்பது அதே .22 அளவில், அதாவது 5.5 மி.மீ. குழலில், ஏர் ரைஃபிள். அதில் மருந்தும் கிடையாது, தோட்டாவும் கிடையாது. காற்றுதான் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, தள்ளும்.

சரி, காற்றுதானே என்று வாங்கிவிட முடியாது. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்குள், அதாவது .177-க்குள் இருக்க வேண்டும். வெளியே வரும் பெல்லட்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் லைசென்ஸ் தேவையில்லை. 5.5 என்றால் அளவிலேயே அடிபட்டுப்போகிறது.

அந்த 1,200 அடிக்கும் ஒரு கணக்குப் போடுவோம், ஏனென்றால் .177 விளம்பரங்களிலும் இதே எண்தான் ஓடுகிறது. .177 பெல்லட் ஏறக்குறைய அரை கிராம் எடை. அது நொடிக்கு 1,200 அடி போனால் ஆற்றல் 33 ஜூலைத் தாண்டும். விளம்பரம் உண்மை என்றால் லைசென்ஸ் வேண்டும். பொய் என்றால் நீங்கள் ஏமாந்தீர்கள். எடை குறைந்த பெல்லட்டில் அளந்தது என்று சமாளிப்பார்கள், விடுங்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் சுடும் ஏர் ரைஃபிளே 8 ஜூலுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். காகிதத்தில் ஓட்டை போட அது தாராளம்.

நிஜ .22-க்கு வருவோம். தோட்டத்தில் சுடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். அந்தச் சின்னத் தோட்டா ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். வாழையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. அனுமதி பெற்ற துப்பாக்கி சுடும் ரேஞ்சில்தான் சுட வேண்டும். வாங்குவதற்கு 21 வயதும் லைசென்ஸும் வேண்டும். லைசென்ஸ் தருபவர் மாநகர எல்லைக்குள் போலீஸ் கமிஷனர், மற்ற இடங்களுக்குக் கலெக்டர். கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். நம்ம பக்கம் போலீஸ் விசாரணையும் லேசாக இருக்காது. அதில் அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன்.

அதனால் என் பேச்சைக் கேட்டால், வாங்குவதைத் தள்ளிவைத்து ரைஃபிள் கிளப்பில் சேருங்கள். மதுரைக்கு பஸ் ஏறினால் அங்கே இருக்கிறது. கிளப் ரைஃபிளில், கிளப் தோட்டாவில் சுடலாமா, ஒரு நாளுக்கு என்ன செலவாகும் என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். நாலைந்து மாதம் கழித்தும் ஆசை அடங்கவில்லை என்றால், கிளப் உறுப்பினர் என்ற தகுதியோடு லைசென்ஸுக்கு எழுதிப்போடுங்கள்.

மச்சான் போகும் போட்டியில் எனக்குப் பிடித்தது சமவாய்ப்புதான். அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் துப்பாக்கி சுடப் பயிற்சி தரும் சி.எம்.பி. அமைப்பு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் ரைஃபிள் எடை 7.5 பவுண்டைத் தாண்டக்கூடாது. தடித்த குழல் வைத்த விலையுயர்ந்த ரைஃபிளோடு வந்து ஒருவர் அள்ளிக்கொண்டு போக முடியாது. இதை ஏர் ரைஃபிளிலும் செய்யலாம். ஐந்தாறு பேரும் சுமாரான .177 ரைஃபிளாகவே வாங்குங்கள், குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வேண்டாம். 10 மீட்டர் ரைஃபிள் குறி அட்டையில் பத்து மதிப்பெண் தரும் நடுப்பகுதி அரை மி.மீ. புள்ளி, புதியவன் மனம் விட்டுப்போவான். 10 மீட்டர் பிஸ்டல் அட்டையை மாட்டுங்கள், அதில் பத்து 11.5 மி.மீ. அகலம். பின்னால் முழுச் சுவர், அதற்கு முன் கந்தல் அடைத்த இரும்புப் பெட்டி, வேடிக்கை பார்ப்பவர் உட்பட எல்லோர் கண்ணுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி.

ஸ்கோப்பில் மிச்சமான பணத்தைப் பெல்லட்டில் போடுங்கள். தட்டைத் தலை பெல்லட் கேளுங்கள். பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், மதிப்பெண்ணில் சண்டை வராது. கூர்த்தலை காகிதத்தைக் கிழித்துவிடும். டப்பாவைக் கடையிலேயே திறந்து பெல்லட்டின் பாவாடை, அதாவது விரிந்த பின்பகுதி, நசுங்கியிருக்கிறதா பாருங்கள். நசுங்கியது நேராகப் போகாது.

கேள்வி: வயலில் மயில் தொல்லை தாங்கவில்லை. ஏர்கன் வாங்கினால் விரட்டலாமா?
- விவசாயி, களக்காடு

பதில்: கூடாது. மயில், கொக்கு எதைச் சுட்டாலும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். லைசென்ஸ் வேண்டாத ஏர்கன் என்பதால் தப்பிக்க முடியாது.

கேள்வி: ஏர் ரைஃபிள் வாங்கி ஒரு மாதத்தில் ஸ்பிரிங் போய்விட்டது. வெளியூர்க் கடைக்காரர் போனையே எடுப்பதில்லை. இன்னொரு ஆள் வாட்ஸ்அப்பில் 'ஒரிஜினல் .22 தருகிறேன், பாதிப் பணம் அனுப்பு' என்கிறார்.
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த வாட்ஸ்அப் ஆளை உடனே பிளாக் செய்யுங்கள். பணம் போட்டுவிட்டீர்கள் என்றால் இந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். போட்ட பணம் போனதோடு முடியாது. அவர் உண்மையிலேயே துப்பாக்கி அனுப்பிவிட்டால் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்த வழக்கு உங்கள் மேல்தான்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் நடக்கவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட்டால் சரி. பில் தராமல் போயிருந்தால் பணம் அனுப்பிய ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும்தான் உங்களுக்கு ஆதாரம், போனை மாற்றுமுன் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.