அல் ஐன் (ஐக்கிய அரபு அமீரகம்) பேரீச்சந்தோப்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கே: நுழைவுக் கட்டணம் உண்டா? (ஷார்ஜா)

இல்லை. இலவசம்.

கே: எப்போது வரலாம்?

நடக்க வேண்டுமென்றால் நவம்பர் முதல் மார்ச் வரை. பழக்குலை பார்க்க வேண்டுமென்றால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, காலையிலேயே வந்துவிடுங்கள். ஒன்று சொல்லிவிடுகிறேன்: குலை கைக்கு எட்டினாலும் பறிக்காதீர்கள். ஒவ்வொரு பாத்திக்கும் சொந்தக்காரர் இருக்கிறார்.

கே: பாலைவனத்தில் 1,47,000 மரங்களுக்கு எங்கிருந்து தண்ணீர்?

இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். ஃபலஜ் என்பார்கள். மலையடிவாரத்தில் ஆழமாகத் தோண்டி, நீர் கண்ட இடத்திலிருந்து ஊர் வரைக்கும் பூமிக்கடியில் மிக லேசான சரிவில் சுரங்கம் வெட்டிவிடுவது. பம்பு கிடையாது, தண்ணீர் தானாக இறங்கி வரும். பக்கத்து ஹீலியில் கிடைத்த ஃபலஜ் ஏறக்குறைய 3,000 வருடப் பழசு. தோப்புக்குள் அது வாய்க்காலாகப் பிரிகிறது. நேரக் கணக்கில் முறை. முறை வைப்பவரை ஆரிஃப் என்பார்கள், நம் ஊரில் வயலுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்க்கட்டி மாதிரி. இப்போது ஆழ்குழாய்க் கிணறும் கைகொடுக்கிறது. 2011இல் அல் ஐன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதற்கு இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணம். வாய்க்காலில் கால் கழுவாதீர்கள்.

கே: டிக்கெட் எவ்வளவு?

மேலே பாருங்கள்.

கே: கொட்டை போட்டு வளர்த்தேன். பத்து வருடமாகக் காய்க்கவில்லையே? (தருமபுரி)

ஆண் மரமாக இருக்கும். கொட்டையில் முளைப்பதில் பாதிக்குப் பாதி ஆண்தான். பெண்ணாக அமைந்தாலும் தாய் மரத்துப் பழம் வராது. அதனால்தான் இங்கே பக்கக்கன்று பெயர்த்து நடுகிறார்கள்.

கே: ஆணாவது பெண்ணாவது! எங்கள் ஊர் ஈச்சமரம் தானாகக் காய்க்கிறதே?

ஐயா, ஈச்சையிலும் ஆண், பெண் தனித்தனிதான். அக்கம்பக்கத்தில் ஆண் மரம் இருக்கும், காற்றும் பூச்சியும் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பனையில் அலகுப்பனை, பருவப்பனை என்று தாத்தாக்கள் பிரித்துச் சொன்னது எதற்கு? இங்கே ஆண் மரம் மிகக் குறைவாகத்தான் வைப்பார்கள். வசந்தத்தில் ஆண் பாளை வெடித்ததும், இடுப்பில் கயிற்று வாரோடு ஒருவர் பெண் மரம் ஏறுவார். ஆண் பூச்சரங்களைப் பெண் பூங்கொத்தின் நடுவே தலைகீழாகச் செருகி, ஓலைக்கீற்றால் லேசாகக் கட்டுவார். மாவு போல வெள்ளைத் தூள் புருவத்தில் படிந்திருக்கும். நான் கீழே நின்று பார்த்தது இது.

கே: அப்போ ஈச்சையின் மகரந்தத்தைப் பேரீச்சையில் கட்டினால்?

காய் பிடிக்கும், இரண்டும் ஒரே இனக்கூட்டம். ஆனால் பழத்தின் அளவும் பழுக்கும் நேரமும் மாறலாம். சரி, இத்தோடு விடுவோம், தோப்புக்கு வருவோம்.

கே: துபாயிலிருந்து பஸ்?

அல் குபைபா நிலையத்தில் இ201. இரண்டு மணி நேரம் போல ஆகும்.

கே: எந்தப் பழம் வாங்கலாம்?

கலாஸ் ரகம். உலர்ந்தது வேண்டாம், பாதி கனிந்த ருதப் கிடைத்தால் விடாதீர்கள்.

கே: குழந்தைகளுக்கு ஒரு குலை பறித்துக் கொடுக்கலாமா? நுழைவுக் கட்டணம் தனியா?

கூடாது. இலவசம்.