பந்து வலது பக்கம் ஓடுதா? முதல்ல கிளவைப் பாருங்க

இந்த மாசம் வந்த கோல்ஃப் கேள்விங்க பெரும்பாலும் ஸ்விங், அதாவது கிளப்பை (கோல்ஃப் மட்டையை) வீசுற விதம் பத்திதான், அதுலயும் பாதிக்கு மேல ஒரே வியாதி, பந்து வலது பக்கம் வளைஞ்சு ஓடுற ஸ்லைஸ். அதனால அதுக்கு மட்டும் இடம் கூட எடுத்துக்கிறேன், மத்தவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும். எல்லாத்தையும் வலது கைக்காரங்களுக்குன்னு எழுதியிருக்கேன், இடது கைக்காரங்க திசையை மாத்திப் படிச்சுக்கோங்க.

மூணு வருஷமா ஆடுறேன். அயர்ன், அதான் இரும்புத் தலை கிளப், ஓரளவு பரவாயில்ல, தூரமா அடிக்கிற டிரைவர் கிளப்பை எடுத்தா மட்டும் பந்து நேரா கிளம்பி பாதி வழியில வலது பக்கம் வளைஞ்சு மரத்துக்குள்ள போயிடுது. சரின்னு இடது பக்கம் பார்த்து நின்னு அடிச்சா இன்னும் மோசமா வளையுது. கூட ஆடுறவங்க எல்லாரும் "தலையைத் தூக்காதே"ங்கறாங்க. என்ன பண்றது?
*வாசகர், கோயம்புத்தூர்*

சார், தலையை இப்போதைக்கு மறந்துடுங்க. ஸ்வீடன் வீராங்கனை அனிகா சோரன்ஸ்டாம் பந்தை அடிக்கிற நேரத்துலயே தலை டார்கெட் பக்கம் திரும்பிடும், அந்தத் தலையோடதான் அவங்க 10 மேஜர், அதாவது பெரிய போட்டிங்க, ஜெயிச்சாங்க, 2001-ல ஒரு ரவுண்டை வெறும் 59 அடியில முடிச்சாங்க (கோல்ஃப்ல அடி குறைஞ்சாதான் நல்லது). தலையைக் கல்லு மாதிரி பிடிச்சு வெச்சா தோள் திரும்பாம நின்னுடும், அப்புறம் கை மட்டும்தான் வீசும், உங்க வியாதி அதிகம்தான் ஆகும்.

உங்க பந்து என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். கிளப்பும் பந்தும் தொட்டுக்கிற நேரம், ஒரு செகண்டை 2000 பங்கு போட்டா அதுல ஒரு பங்குதான். அந்த நேரத்துல ஃபேஸ், அதாவது பந்தைத் தொடுற கிளப்போட முகம், எந்தப் பக்கம் பார்க்குதோ பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் கிளம்பும், ஸ்விங் போற பாதைக்கு அதுல சின்னப் பங்குதான். வளைவு வேற கதை, பாதைக்கும் ஃபேஸுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் வளைவு. நேரா கிளம்பி வலது பக்கம் வளையுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்படின்னா உங்க ஃபேஸ் கிட்டத்தட்ட டார்கெட்டைப் பார்க்குது, ஆனா கிளப் வெளியிலிருந்து உள்ள, இடது பக்கமா வெட்டிக்கிட்டுப் போகுது. இப்போ நீங்க இடது பக்கம் திரும்பி நின்னா என்ன ஆகும்? பாதை இன்னும் இடது பக்கம் போகும், மூளை மட்டும் ஃபேஸை அதே பழைய டார்கெட்டுக்கே காட்டும், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி பெருசாயிடும், பந்து வாழைப்பழம் மாதிரி வளையும். உங்களுக்கு நடக்குறது இதுதான். அயர்ன்ல ஏன் தெரியலன்னா அதுல லாஃப்ட், அதாவது ஃபேஸோட சாய்வு, அதிகம், செவன் அயர்ன் 30 டிகிரி பக்கம் இருக்கும், பந்து பின்பக்கமா நிறைய சுத்தும், பக்கவாட்டு வளைவு அடங்கிடும். டிரைவர் 10 டிகிரி பக்கம்தான், அதுல எதையும் மறைக்க முடியாது.

இப்போ கிளவுக்கு, அதாவது இடது கையில போடுற உறைக்கு வர்றேன். பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருத்தர் இதே ஸ்லைஸோட எங்கிட்ட வந்தார், நான் ஒரு பந்துகூட அடிக்கச் சொல்லல, கிளவைக் கழட்டிக் குடுங்கன்னு கேட்டேன். இடது உள்ளங்கையோட அடிப்பக்கம், சுண்டு விரலுக்குக் கீழ மணிக்கட்டுக்கிட்ட வர்ற அந்த மேடு இருக்கே, அங்க தோல் தேஞ்சு ஒரு ரூபா காசு அளவுக்கு ஓட்டை, மத்த இடமெல்லாம் புதுசு மாதிரி இருந்துச்சு. கிளப்பை விரல்ல பிடிக்காம உள்ளங்கையில பிடிச்சிருக்கார்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. அப்படிப் பிடிச்சா மேல போனதும் கிளப் ஆடும், அதைத் திரும்ப இறுக்கிப் பிடிப்போம், ஒவ்வொரு தடவையும் அங்க உரசும். மணிக்கட்டும் மடங்காது, ஃபேஸும் மூடாது, அதாவது இடது பக்கம் திரும்பாது.

உங்க கிளவையும் எடுத்துப் பாருங்க. கிளப் சுண்டு விரலோட அடியில ஆரம்பிச்சு ஆள்காட்டி விரலோட நடு மூட்டு வழியா சாய்வா போகணும், அந்த மேடு கிரிப்புக்கு மேல உட்காரணும். குனிஞ்சு பார்த்தா இடது கையில ரெண்டரை விரல் முட்டி தெரியணும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ற கோடு வலது தோளைக் காட்டணும். மொத ரெண்டு நாள் அடுத்தவங்க கை மாதிரி இருக்கும், பரவாயில்ல. பந்து நேரா இடது பக்கம் போக ஆரம்பிச்சுதுன்னா சந்தோஷப்படுங்க, ஃபேஸ் மூடிடுச்சு, பாதைதான் பாக்கி. பந்து இடது பக்கம் போறதைப் பார்த்துட்டா உடம்பே மெதுவா உள்ளேர்ந்து அடிக்கப் பார்க்கும். அதுக்கு உதவியா டிரைவரோட ஹெட்கவரை (கிளப் தலைக்குப் போடுற உறையை) பந்துக்குக் கொஞ்சம் பின்னாடி, உங்க காலுக்கு எதிர்ப்பக்கமா வெளியில வெச்சுக்கோங்க, பழைய பாதையில வந்தா கிளப் அதுல முட்டும். பிராக்டிஸ் பண்ற ரேஞ்சுக்குப் போறப்போ கொஞ்சம் டால்கம் பவுடர் எடுத்துட்டுப் போயி ஃபேஸ்ல லேசா தடவி அடிங்க, பந்தோட தடம் பதியும். தடம் ஷாஃப்ட் (கிளப்போட கம்பு) பக்கமா, ஹீல்ல விழுந்திருந்தா அதுவே தனியா வலது பக்கம் வளைக்கும், அப்போ ஸ்விங்கைத் தொடாம அரை இஞ்ச் தள்ளி நின்னு பாருங்க.

என் ஸ்விங்கை வீடியோ எடுத்துப் பார்த்தா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தெரியுது. எந்த வீடியோவை நம்புறது?
*வாசகி, பெங்களூரு*

மேடம், ஸ்விங் மாறுதோ இல்லையோ உங்க போன் வெச்ச இடம் மாறுது. பின்னாலேர்ந்து எடுக்குறப்போ கேமரா உங்க கை உயரத்துல, டார்கெட் கோட்டுக்கு இணையா, நிக்குறப்போ கை இருக்குற இடத்தைப் பார்த்த மாதிரி இருக்கணும். ஒரு அடி இந்தப் பக்கம் நகர்ந்தாலே நல்ல ஸ்விங் வெட்டுற மாதிரி தெரியும், வெட்டுற ஸ்விங் நல்லதா தெரியும். அதனால ட்ரைபாட் வைங்க, நண்பர் கையில குடுக்காதீங்க. ஸ்லோ மோஷன் 240-ல, அதாவது செகண்டுக்கு 240 படம்னு, போடுங்க. கிளப்பைக் கீழ இறக்குற டௌன்ஸ்விங் மொத்தமே கால் செகண்டுதான், சாதாரண 30-ல எடுத்தா ஏழெட்டுப் படம்தான் கிடைக்கும், 240-ல 60 படம் கிடைக்கும். நல்ல வெயில்ல எடுங்க, இல்லன்னா கிளப் புகை மாதிரி தெரியும். ஷாஃப்ட் வில்லு மாதிரி வளைஞ்சு தெரிஞ்சா அதுல பெரும்பங்கு போன் கேமரா பண்ற வேலை, பயந்துடாதீங்க. அப்புறம் ஒண்ணு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வீடியோவுல பாருங்க.

பெரிய பிளேயர் யாரோட ஸ்விங்கைப் பார்த்துக் கத்துக்கலாம்?
*வாசகர், சென்னை*

யாரோடதையும் அப்படியே காப்பி அடிக்காதீங்க. ஜிம் ஃப்யூரிக் கிளப்பை நேரா மேல தூக்கி ஒரு சுத்து சுத்தி இறக்குவார், எந்த கோச்சும் சொல்லிக்குடுக்காத ஸ்விங், அதை வெச்சுதான் 2003 யூ.எஸ். ஓப்பன் ஜெயிச்சார், 2016-ல ஒரு ரவுண்டு 58 அடிச்சார். நம்ம எஸ்.எஸ்.பி. சௌரஸியா ராயல் கல்கத்தா கிளப்ல கிரீன்கீப்பரோட (புல்தரையைப் பராமரிக்கிறவரோட) பையன், பார்த்துப் பார்த்துத் தானாவே கத்துக்கிட்டவர், 2008-ல டெல்லியில இந்தியன் மாஸ்டர்ஸ் ஜெயிச்சார். டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல நாலாவதா வந்த அதிதி அசோக்கோட டிரைவ் கூட ஆடினவங்க பல பேரை விட கம்மி தூரம்தான், பட்டிங்ல, அதாவது பந்தைக் குழிக்குள்ள உருட்டுறதுல, ஈடு கட்டினாங்க. இவங்க மூணு பேரையும் நான் சொல்றதுக்குக் காரணம், மேல எப்படித் தூக்கினாலும் பந்தைத் தொடுற நேரத்துல ஃபேஸ் ஒரே மாதிரி வந்து நிக்குது. நீங்க பார்த்துக் கத்துக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ரேஞ்ச்ல செவன் அயர்ன் அருமையா போகுது, கோர்ஸ்ல புல்லுல வெச்சு அடிச்சா மண்ணைத்தான் வெட்டுறேன், பந்து பத்து கஜம் போகுது. பதட்டமா?
*வாசகர், ஊட்டி*

பதட்டம் இல்ல சார், ரேஞ்ச்ல விரிச்சிருக்கிற மேட் (செயற்கைப் புல் பாய்) உங்களை ஏமாத்துது. மேட்ல பந்துக்கு ரெண்டு இஞ்ச் பின்னாடி அடிச்சாலும் கிளப் வழுக்கிட்டுப் போயி பந்தைத் தொட்டுடும், சத்தமும் நல்லா வரும். புல்லுல அதே அடி மண்ணுக்குள்ள போயிடும். அயர்ன்ல பந்து முதல்ல, மண்ணு அப்புறம், ஸ்விங் ரொம்பத் தாழ்வா வர்ற இடம் பந்தைத் தாண்டி சில இஞ்ச் முன்னாடி இருக்கணும். பிராக்டிஸ் பண்ண அனுமதி இருக்குற புல்தரையில கோலமாவால ஒரு கோடு போடுங்க, பந்தே வேணாம், கோட்டு மேல பந்து இருக்குன்னு நெனச்சு வீசுங்க, டிவட், அதாவது வெட்டுப்படுற மண் தடம், கோட்டுக்கு முன்னாடி, டார்கெட் பக்கமா விழணும். பின்னாடி விழுந்தா எடை இன்னும் வலது கால்லயே நிக்குதுன்னு அர்த்தம். பந்தை நாமே தூக்கிவிடணும்னு சாயுறதுதான் பெரும்பாலும் காரணம், தூக்குற வேலையை லாஃப்ட் பார்த்துக்கும். தினம் 20 தடவை போதும்.

பையனுக்கு 11 வயசு. நல்லா ஆடிட்டிருந்தான், புது கோச் ஸ்விங்கை மாத்தினதும் ஸ்கோர் ஏறிடுச்சு, அடி கூடுது. நிறுத்திடலாமா?
*ஒரு அம்மா, மதுரை*

அவசரப்படாதீங்கம்மா. டைகர் வுட்ஸ் 1997 மாஸ்டர்ஸை 12 ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சுட்டு வந்து ஸ்விங்கைப் பிரிச்சு மாத்தினார், 1998-ல பி.ஜி.ஏ. டூர்ல ஒரே ஒரு ஜெயிப்புதான், ஆனா அதுக்கப்புறம் 2000 யூ.எஸ். ஓப்பனை 15 ஷாட் வித்தியாசத்துல ஜெயிச்சார். இருந்தாலும் கோச்சுக்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க, எதுக்காக மாத்துறீங்க, பந்துல என்ன மாறணும்னு. தெளிவா பதில் சொன்னா ஒரு ஆறு மாசம் குடுங்க, ஸ்கோர் கார்டை வீட்டுல பேசாதீங்க. அதோட பையன் எந்த கிளப்ல ஆடுறான்னும் பாருங்க, அப்பாவோட பழைய கிளப்பை வெட்டிக் குடுத்திருந்தா அந்த எடையைத் தூக்கவே அவன் ஸ்விங்கைக் கெடுத்துக்குவான், முதல்ல அவன் உயரத்துக்கு ஏத்த ஜூனியர் செட் வாங்குங்க.