கிடங்கு எரிந்தால் லாரி ஓட்டுநர்கள் என்ன நினைப்பார்கள்?

கேள்வி: 2019-இல் இங்கிலாந்தின் ஆண்டோவரில் ஒகாடோ என்ற இணையப் பேரங்காடியின் கிடங்கு எரிந்ததைப் பற்றிப் படித்தேன். ஒரு சூப்பர்மார்க்கெட் கிடங்கு எரிந்தால் அங்கே சரக்கு ஏற்றும் லாரி ஓட்டுநர்கள் அதை எப்படிப் பார்ப்பார்கள்?

பதில்:

இதைக் கேட்க ஒருவராவது இருக்கிறீர்களே. நீங்கள் அநேகமாக ஏசி அறையில் உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் அந்தச் செய்தியைப் படித்து முடித்திருப்பீர்கள். குத்திக் காட்டவில்லை, நானும் மற்றவர்கள் வேலையைப் பற்றி அப்படித்தான் படிக்கிறேன்.

நான் மலேசியாவின் பினாங்கில் பாகான் டாலாம்காரன். பத்தொன்பது வருஷமாக லோரி ஓட்டுகிறேன் (இங்கே நாங்கள் லாரி என்று சொல்வதில்லை). பெருநிலத்தில் உள்ள கிடங்கில் சரக்கு ஏற்றி, பாலம் தாண்டி, தீவில் இருக்கும் பேரங்காடிகளில் இறக்குவது என் வேலை. எல்லா லோரிக்காரர்கள் சார்பிலும் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கொள்கலன் இழுக்கிறவன், மணல் ஏற்றுகிறவன் கதையெல்லாம் வேறு.

முதலில் நேரான பதில். கிடங்கு எரிகிறது என்றால் எங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது டிரிப் காசு. கேட்க அசிங்கமாக இருக்கலாம். அடிப்படைச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் கரண்டுக்கும் சரியாகப் போய்விடும். சோறு டிரிப் காசில்தான். கிடங்கு இல்லையென்றால் டிரிப் இல்லை.

ஆண்டோவர் செய்தியை நானும் அப்போது படித்தேன். பிப்ரவரி 5-ஆம் தேதி. சரக்கு எடுக்கும் ரோபோ ஒன்றுக்கு பேட்டரி சார்ஜ் ஆகும் இடத்தில் மின்கோளாறு, ரோபோவின் பிளாஸ்டிக் மூடியில் தீப்பிடித்து, அப்புறம் நாள்கணக்கில் எரிந்தது. குளிரூட்டும் இயந்திரத்தில் அம்மோனியா இருந்ததால் பக்கத்து வீடுகளில் இருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். ரோபோவெல்லாம் நமக்கெதற்கு. ஆனால் ‘சார்ஜ் ஆகும் இடம்’ என்று படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் எங்கள் கிடங்கில் பிடித்ததும் அங்கேதான்.

அது ஆண்டோவருக்கும் சில வருஷம் முந்தி. கிடங்கின் பேர் வேண்டாம், நான் இன்னும் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். தீபாவளிக்குப் பத்து நாள். எண்ணெய், மாவு, சீனி என்று சரக்கு குவிந்து கிடந்தது, நடைபாதையிலும் பேலட் (சரக்கு அடுக்கும் தட்டு). லோடிங் பே (லோரியைப் பின்பக்கமாக ஒட்டிச் சரக்கு ஏற்றும் வாசல்) எல்லாம் நிறைந்து, வெளியே ஏழெட்டு லோரி வரிசையில் நின்றது. நான் பதினாலாம் பேயில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

இந்தச் சாவி விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஃபோர்க்லிஃப்ட் (பேலட்டைத் தூக்கும் சின்ன வண்டி) லோரிக்குள் ஏறி இறங்கும்போது ஓட்டுநர் தெரியாமல் வண்டியை நகர்த்திவிட்டால், ஃபோர்க்லிஃப்ட்காரன் பள்ளத்தில் விழுந்து சாவான். அதனால் ஏற்றி முடிக்கிற வரைக்கும் சாவி எங்கள் கையில் இருக்காது. நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. எங்கள் கிடங்கில் அலுவலகத்துக்குள் ஒரு ஒட்டுப்பலகை, அதில் வரிசையாக ஆணி, ஒவ்வொன்றுக்கும் மேலே மார்க்கர் பேனாவால் பே நம்பர். வரிசையில் நிற்கிற லோரிச் சாவியும் அதே பலகையில்தான். ஆணி போதாத நாளில் ஒரே ஆணியில் இரண்டு மூன்று தொங்கும். அந்த அலுவலகமோ கிடங்குக்குள், ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ் போடும் மூலைக்குப் பக்கத்தில்.

மூன்றரை மணி இருக்கும். முதலில் புகை தெரியவில்லை, நாற்றம்தான் வந்தது. வயர் கருகுகிற நாற்றம். என் கெலிண்டான் பையன் (லோரியில் கூட வரும் உதவியாள்) “அண்ணே, யாரோ பிளாஸ்டிக் கொளுத்துறாங்க” என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் பேலட் தள்ளிக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையன்கள் ஓடி வந்தார்கள். மணி அடிக்கவில்லை. அடித்திருக்கலாம், எங்கள் பக்கம் கேட்கவில்லை.

நாங்கள் கேட்டை நோக்கி ஓடினோம். கேட்டில் இருந்த நேப்பாளிக் காவலாளி எங்களைப் பார்த்து “லோரி! லோரி!” என்று கத்துகிறான். நாங்கள் “குன்சி டாலாம்!” என்று கத்துகிறோம். சாவி உள்ளே. அவனுக்கும் அது தெரியும், இருந்தாலும் கத்துகிறான். தீயணைப்பு வண்டிக்கென்று மஞ்சள் கோடு போட்டு விட்டிருந்த வழியில் இரண்டு லோரி நிற்கிறது. நிறுத்தச் சொன்னதும் இதே காவலாளிதான். இடம் இல்லை, அவன் என்ன செய்வான். நானே அந்த மஞ்சள் கோட்டில் நூறு தடவை நிறுத்தித் தூங்கியிருக்கிறேன். அதையும் மறைக்கவில்லை, எழுதிவிட்டேன்.

அப்போதுதான் எங்களோடு லோரி ஓட்டும் ஒரு சீன அங்கிள் உள்ளே போனார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தினமும் கலர் போன ஒரே டீசட்டைதான் போடுவார், யாரிடமும் அதிகம் பேச மாட்டார். திரும்பி வந்தபோது சட்டையின் முன்பக்கத்தை மடியாகப் பிடித்து, பலகையில் இருந்த அத்தனை சாவியையும் அதில் அள்ளிக் கொண்டுவந்திருந்தார். தார் ரோட்டில் கொட்டினார். இருபதுக்கு மேல் சாவி. நாங்கள் எல்லோரும் குந்தி உட்கார்ந்து பொறுக்கினோம், கோழி அரிசி பொறுக்குகிற மாதிரி. ஹினோ லோரிச் சாவி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். நான் முதலில் எடுத்தது இன்னொருத்தர் சாவி. ஓடிப்போய்த் திருகினால் திரும்பவில்லை. மறுபடி வந்து குந்தினேன். என் சாவி வளையத்தில் மகள் மாட்டிவிட்ட ஒரு சிவப்புப் பாசிமணி இருக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அங்கிள் மூச்சு வாங்கியபடி கேட் ஓரம் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்.

மஞ்சள் கோட்டில் நின்ற வண்டிகளை எடுத்த பிறகுதான் பொம்பா (தீயணைப்புப் படை) வண்டி உள்ளே வர முடிந்தது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ, நான் கடிகாரம் பார்க்கவில்லை. அதற்குள் தீ மேல் அடுக்குக்கு ஏறிவிட்டது. கிடங்கில் எரிய என்னதான் இல்லை? அட்டைப்பெட்டி, அதன்மேல் சுற்றிய பிளாஸ்டிக், சமையல் எண்ணெய். ஷெல்டாக்ஸ் கொசுமருந்து டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெடித்த சத்தம் ரோட்டுக்கு வந்தது. குளிர் அறைப் பக்கம் போகாமல் பொம்பா தடுத்து நிறுத்தியது பெரிய புண்ணியம். குளிர் அறைச் சுவர் பார்க்கத் தகரம் மாதிரி இருக்கும், நடுவில் நுரை. தீ அதற்குள் போய்விட்டால் வெளியில் தெரியாமலே ஓடும். ஓர் உயிரும் போகவில்லை. கூரையில் ஒரு பகுதி இறங்கியது, மிச்சச் சரக்கெல்லாம் புகை நாற்றத்தில் வீண்.

அன்று இரவு சாலையோர டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். நீங்கள் கேட்ட ‘ஓட்டுநர்களின் கருத்து’ அங்கேதான் கிடைத்திருக்கும். ஒருத்தர் இன்சூரன்ஸுக்காக அவர்களே கொளுத்தியது என்றார். எந்தக் கட்டடம் எரிந்தாலும் இப்படிச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். தீபாவளிச் சரக்கை வைத்துக்கொண்டு எந்தத் தவ்கே (முதலாளி) கொளுத்துவான்? ஒரு மலாய் நண்பர் மட்டும் சரியாகச் சொன்னார்: “நாளைக்குப் பாருங்கள், சிகரெட் என்பார்கள்.”

மறுநாள் அதேதான். ஓட்டுநர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எங்கே நின்றாய், எப்போது புகைத்தாய் என்று கேட்டார்கள். எனக்குப் புகைக்கும் பழக்கமே இல்லை, என்னையும் கேட்டார்கள். அங்கிள் கேட் ஓரம் பற்றவைத்தது கேமராவில் இருக்கிறது என்று அவரை இரண்டு தடவை கூப்பிட்டார்கள். தீப்பிடித்த பிறகு, ரோட்டில், சாவியெல்லாம் கொண்டுவந்து கொட்டிய பிறகு பற்றவைத்தது. கடைசியில் காரணம் சார்ஜர் என்று ஆனது. பழைய பேட்டரி, பழைய வயர், அதைச் சுற்றிக் காலி அட்டைப்பெட்டிகள். சார்ஜ் ஏறும்போது அந்த வகை பேட்டரியிலிருந்து தீப்பிடிக்கக்கூடிய வாயு வரும், பக்கத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று சுவரிலேயே போர்டு இருந்தது. போர்டை மறைத்துத்தான் பெட்டி அடுக்கியிருந்தார்கள். தினமும் சாவி கொடுக்கப் போகும்போது நாங்கள் பார்த்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். கிடங்குக் கழிவறையை ஓட்டுநர்கள் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த இடம் அது. அங்கே போய் வயரைப் பற்றி யாரிடம் சொல்வது?

எனக்கு இன்னும் ஆறாதது வேறொன்று. என் லோரியில் பாதிதான் ஏறியிருந்தது, ஆறு பேலட். டிஓ (சரக்கோடு போகும் டெலிவரி ஆர்டர் சீட்டு) இல்லை, சீல் இல்லை. அதோடுதான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று நாள் கழித்து எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பெட்டி மைலோ குறைகிறதாம். பேயில் ஏற்றியவனே சரியாக எண்ணியிருக்க மாட்டான், தீ நேரத்தில் யார் எண்ணுவது? என் கம்பெனி அந்த இரண்டு பெட்டியை என் சம்பளத்தில் பிடித்தது. மிச்சச் சரக்கு தப்பித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கிடங்கு மூடியிருந்த காலத்தில் சரக்கு தெற்கே கோலாலம்பூர் பக்கம் இருக்கும் கிள்ளானிலிருந்து வந்தது. பகலில் தீவில் இறக்கிக்கொண்டிருந்தவன், வாரத்துக்கு மூன்று இரவு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓட்டி, தாப்பா ஓய்வுத்தளத்தில் ஸ்டியரிங் மேல் தலைவைத்துத் தூங்கினேன். அந்தத் தீபாவளிக்குக் காலை ஏழு மணிக்குத்தான் வீடு வந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி ஒன்பது கலகத் தடுப்புப் போலீசார் இறந்தார்கள். பெரிய துக்கம். அதற்குப் பிறகு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் என்று அக்டோபரிலிருந்து கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தார்கள், மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாது. நான் வரவேற்கிறேன். ஆனால் டிரிப் கணக்கில் சம்பளம் கொடுப்பதற்கு யார் கருவி மாட்டுவது? இப்போது கல்யாண வீட்டில்கூட லோரி ஓட்டுகிறேன் என்றால் ‘ஓ, நீங்கதானா’ என்பதுபோல் ஒரு பார்வை. அக்கா மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது தாய்மாமன் ‘போக்குவரத்துத் துறையில்’ இருப்பதாகச் சொல்லி வைத்தார்கள்.

சரி. ‘மாற்றுச்சாவி வைத்துக்கொள்ள வேண்டியதுதானே’ என்று யாராவது எழுதுவீர்கள். வைத்திருந்து பிடிபட்டால் அந்தக் கிடங்குக்குள் மறுபடி விட மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள்.

அங்கிள் அந்த வருஷமே வேலையை விட்டுவிட்டார். கிடங்கைத் திருத்திக் கட்டித் திறந்தபோது, முதல் நாள் சாவி கொடுக்கப் போனேன். பலகை அதே மாதிரி அலுவலகத்துக்குள்தான். ஆணிக்குப் பதில் நல்ல கொக்கி, அச்சடித்த நம்பர், முன்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்கு ஒரு பூட்டும் போட்டிருந்தார்கள்.