மதுரைச் சீமையின் நிலம், நீர், மக்கள்: கேள்வி பதில்

பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக் கொடுத்தவன் என்பதால், மதுரை மாவட்டத்தின் நிலம், இயற்கை வளம், மக்கள்தொகை பற்றிப் பலரும் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, செல்லூர்: மதுரை மாவட்டத்தின் நில அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் சார். பழைய புத்தகத்தில் கொடைக்கானல் மதுரை மாவட்டம் என்று இருக்கிறது, குழப்பமாக இருக்கிறது.

புத்தகம் தப்பில்லை தம்பி, பழசு. 1985இல் திண்டுக்கல்லும் 1996இல் தேனியும் தனி மாவட்டங்கள் ஆயின. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் கொடைக்கானல், பெரியகுளம், கம்பம் எல்லாம் மதுரையாகத்தான் இருக்கும். தேர்வுக்குப் படிக்கும்போது முதலில் அச்சான ஆண்டைப் பாருங்கள்.

இப்போதைய மாவட்டம் 3,700 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கடல் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை சாப்டூர் பக்கம் ஒரு மூலையில்தான் நம்மைத் தொடுகிறது. மற்றபடி அழகர்மலை, நாகமலை, யானைமலை, திருப்பரங்குன்றம் என்று தனித்தனியாக நிற்கும் குன்றுகளும் பாறைகளும்தான். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரம். நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது, வைகையும் அப்படியே ஓடுகிறது. மேலூர்ப் பக்கம் செம்மண், திருமங்கலம், கல்லுப்பட்டி, பேரையூரில் கரிசல், ஆற்றங்கரையில் வண்டல். இந்தச் சரிவை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிப் பதில்கள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

விவசாயி, உசிலம்பட்டி: மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்க்கிறது. நமக்கு ஏன் இல்லை? 58 கிராமக் கால்வாயில் ஏன் வருஷா வருஷம் தண்ணீர் வருவதில்லை?

தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேற்குப் பக்கமே மழையை இறக்கிவிட்டு, காய்ந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. நாம் மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். மூன்று மாத மழையை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதம் ஓட்ட வேண்டிய நிலம் இது.

இயற்கை கொடுக்காததை மனிதக் கை கொடுத்தது 1895இல். மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி உயர்த்தி, மலையைக் குடைந்து சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினார்கள். பென்னிகுவிக் தலைமையில் நடந்த வேலை. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள் என்றால், அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் அங்கே எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, சுருளியாறு வழியாக வைகைக்கு வருகிறது. 1959இல் திறந்த வைகை அணையில் தேங்குகிறது. பிறகு பேரணையில் பெரியாறு பிரதான கால்வாயில் ஏறி, கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகத்துக்கும், மேலூர், திருமங்கலம் பக்கம் 1,05,002 ஏக்கர் ஒருபோகத்துக்கும் போகிறது. முல்லைப் பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. அந்த ஒவ்வொரு அடியும் மேலூர்க் கடைமடையில் நாற்று நடுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது.

உங்கள் கால்வாய்க்கு வருகிறேன். உசிலம்பட்டி மேட்டு நிலம். அங்கே தானாகத் தண்ணீர் பாய வேண்டுமானால் கால்வாயின் வாய் அணையில் உயரத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் வைகை அணையில் 67 அடி நின்றால்தான் உங்களுக்குத் திறக்க முடிகிறது. அணையின் முழு நீர்மட்டமே 71 அடி. நாலு அடிக்குள் நிற்கும் தண்ணீரை நம்பி வெட்டிய கால்வாய் அது. நல்ல மழை ஆண்டில் வரும், மற்ற ஆண்டுகளில் வராது. உங்கள் ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகப் போராடியதன் நியாயத்தை இது குறைக்காது. தண்ணீர் வரும் ஆண்டிலாவது கண்மாய்கள் நிரம்பும்படி உள்கால்வாய்கள் தூர்வாரி இருக்க வேண்டும், அதுதான் உடனே கேட்டு வாங்க வேண்டியது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, அவனியாபுரம்: வைகை கடலில் கலக்கிறதா இல்லையா?

வெள்ளம் வரும் ஆண்டில் கலக்கும் பாப்பா. வருசநாட்டு மலையில் பிறந்து சுமார் 258 கிலோமீட்டர் ஓடி, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பிவிட்டு, மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் பாக் நீரிணையில் சேரும். மற்ற ஆண்டுகளில் வழியிலுள்ள கண்மாய்களே குடித்து முடித்துவிடும். ஆற்றுத் தண்ணீர் அவ்வளவையும் வழியிலேயே பயன்படுத்தும்படி நம் முன்னோர் ஏற்பாடு செய்திருந்தார்கள்.

கல்லூரி மாணவி, மேலூர்: ஐயா, அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் இருக்கிறது, நாட்டுக்குத் தேவையான உலோகம், அதை எடுக்க விடாமல் தடுத்தது சரியா என்று என் வகுப்பில் விவாதம். பல்லுயிர்ப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியில் எடுத்திருக்கலாமே என்கிறார்கள்.

நல்ல விவாதம் அம்மா. டங்ஸ்டன் முக்கியமான உலோகம்தான். 3,400 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் உருகும். துளையிடும் கருவிகளின் முனை முதல் ராணுவத் தளவாடம் வரை பயன்படுகிறது. அதில் சந்தேகமில்லை.

நடந்ததை வரிசையாகப் பாருங்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், லகர் வல்லூறு உட்பட 250 வகைப் பறவைகள் என்று அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் பாண்டியர் குடைவரையும் அதே பாறையில் இருக்கின்றன. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் அந்த 193 ஹெக்டேரையும் உள்ளடக்கி 2,015 ஹெக்டேர் ஏலத்தில் விடப்பட்டது. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி தொடக்கத்தில் நரசிங்கம்பட்டியிலிருந்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது.

இப்போது உங்கள் வகுப்பின் கேள்வி. 193 ஹெக்டேரை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சுற்றிலும் தோண்டினால் என்ன? நம் குன்றுகள் மொட்டைப் பாறை. மழை அதில் தங்காது, வழிந்து அடிவாரத்துக்கு வரும். அடிவாரத்தில் ஒரு கண்மாய். அது நிரம்பினால் கலுங்கு என்ற உபரிநீர்ப் போக்கி வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்தது. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே இருப்பது எல்லாம் வறண்டுவிடும். குன்று பிழைத்து, வரத்துக் கால்வாய் சுரங்கக் குழிக்குள் போனால், கண்மாய்க்கு எது வரும்? வரைபடத்தில் கோடு போட்டுப் பிரிக்கலாம், தண்ணீரின் பாதையைப் பிரிக்க முடியாது. அந்த ஊர்க்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள், அவர்கள் சொன்னது புவியியல்படி சரி. உலோகத்தை வேறு இடத்தில் தேடலாம், விலைக்கும் வாங்கலாம். ஐந்நூறு ஆண்டுப் பழைய பாசனச் சங்கிலியை மறுபடி கட்ட ஆளில்லை.

லாரி உரிமையாளர், கீழவளவு: அப்படியானால் கிரானைட்டும் எடுக்கக் கூடாது என்கிறீர்களா? எங்கள் பிழைப்பு?

அப்படிச் சொல்லவில்லை ஐயா. ‘காஷ்மீர் ஒயிட்’ என்று உலகம் முழுக்க விற்ற வெள்ளைக் கல் உங்கள் மேலூர்ப் பக்கத்துக் கல். அதில் செம்புள்ளியாகத் தெரிவது கார்னெட். கல் நம் உண்மையான வளம். ஆனால் அனுமதி எல்லையைத் தாண்டி வெட்டியதும், கழிவுக் கல்லைக் கண்மாயிலும் கால்வாயிலும் கொட்டியதும்தான் 2012இல் எல்லாவற்றையும் நிறுத்த வைத்தது. பிறகு உயர் நீதிமன்றமே ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் அவர்களைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரித்தது. முறையாக வெட்டியிருந்தால் உங்கள் லாரி இன்றும் ஓடியிருக்கும். அந்த இழப்பு சிறியதில்லை என்பது எனக்குத் தெரியும்.

பலர் கேட்டது: வேறு கனிமங்கள்?

சிவகங்கையில் கிராஃபைட், அரசின் டாமின் நிறுவனம் எடுக்கிறது. அருப்புக்கோட்டை, பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல். ராமநாதபுரத்தில் இயற்கை எரிவாயு. மதுரைக்குள் பெரிதாகக் கல்தான்.

இல்லத்தரசி, திருநகர்: 800 அடி போர் போட்டோம், புகைதான் வந்தது. பக்கத்து வீட்டில் 300 அடியிலேயே தண்ணீர். ஏன் சார்?

அம்மா, நம் காலடியில் இருப்பது கடினப்பாறை. தஞ்சாவூர் வண்டல் போல மண் முழுக்க நீர் ஊறி நிற்காது. மேலே மக்கிப்போன ஒரு படுகையில் கொஞ்சம் நிற்கும், அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டும்தான். வெடிப்பின் மேல் போர் இறங்கினால் தண்ணீர், ஓரடி தள்ளினால் புகை. ஆழமாகப் போகப் போக வெடிப்புகள் குறைந்துகொண்டே போகும், அதனால் 800 அடியில் கிடைக்காதது 1,000 அடியில் கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுக்காதீர்கள். மேல்படுகையை நனைத்து வைப்பது பக்கத்துக் கண்மாய். அது நிரம்பிய ஆண்டில் கிணறு ஊறும். வீட்டு மாடி மழைநீரை மண்ணுக்குள் இறக்குங்கள், பலன் நிச்சயம் உண்டு.

மென்பொருள் ஊழியர், கே.கே.நகர்: மதுரையின் மக்கள்தொகை 10 லட்சம் என்கிறார்கள், 14 லட்சம் என்கிறார்கள், 30 லட்சம் என்கிறார்கள். எது உண்மை?

மூன்றும் 2011 கணக்கெடுப்பில் உள்ளவைதான். எல்லை வேறு வேறு. பழைய மாநகராட்சி எல்லைக்குள் 10.17 லட்சம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதி 14.6 லட்சம். மாவட்டம் முழுவதும் 30,38,252. அதே 2011இல்தான் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. குழப்பத்துக்கு அதுதான் காரணம். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாள். அதுவரை யார் புது எண் சொன்னாலும் அது மதிப்பீடுதான்.

எண்ணைவிட நெருக்கத்தைப் பாருங்கள். சதுர கிலோமீட்டருக்கு நாட்டில் 382 பேர், தமிழ்நாட்டில் 555 பேர், மதுரை மாவட்டத்தில் 819 பேர். பக்கத்துச் சிவகங்கை நம்மைவிடப் பரப்பில் பெரியது, மக்கள் 13.39 லட்சம்தான். இந்த வித்தியாசத்துக்குக் கோயில் நகரம், சந்தை, வேலை என்று பல காரணம் உண்டு. பெரியாற்றுக் கால்வாய் ஓடும் பாதையும் அதில் ஒன்று. கால்வாய் நீர் உறுதியாகக் கிடைக்கும் வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் ஊர்கள் நெருங்கி நிற்பதையும், வானம் பார்த்த பூமியில் தள்ளித் தள்ளி இருப்பதையும் பஸ்ஸில் போகும்போதே பார்க்கலாம்.

கடைக்காரர், செல்லூர்: 2024 அக்டோபர் மழையில் எங்கள் தெருவெல்லாம் வெள்ளம். வறண்ட ஊர் என்கிறீர்கள், வெள்ளம் எப்படி?

அக்டோபர் 25 மழையைச் சொல்கிறீர்கள். குறைந்த நேரத்தில் கொட்டியது, உங்கள் பகுதித் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி கால்வாய் தாங்கவில்லை. மதுரையின் வடகரை ஒரு காலத்தில் கண்மாய்களின் வரிசை. செல்லூர், தல்லாகுளம், உலகனேரி, வண்டியூர் என்று ஊர்ப் பெயராக இருப்பவற்றில் பல, தண்ணீர் நின்ற இடங்கள். உலகனேரியில் இன்று உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. மேலே இருந்து வரும் தண்ணீர் பழைய வழியில்தான் வரும், நிற்க இடமில்லாவிட்டால் தெருவில் நிற்கும். மீதமிருக்கும் கண்மாயை ஆழப்படுத்துவதும், வைகைக்குப் போகும் கால்வாயை அகலமாக வைப்பதும் தவிர வேறு மருந்து இல்லை. கரையில் நடைபாதையும் வண்ண விளக்கும் போடுவதை நான் எதிர்க்கவில்லை, ஆனால் அதை வைத்துக் கண்மாயைச் சரிசெய்துவிட்டதாக எண்ணக் கூடாது.

ஊராட்சி வார்டு உறுப்பினர், கொட்டாம்பட்டிப் பக்கம்: எங்கள் கண்மாயின் எல்லையைத் தெரிந்துகொள்ள என்ன செய்ய வேண்டும்?

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் கிராம வரைபடமும் கேளுங்கள். கண்மாயின் சர்வே எண்ணும் பரப்பும் அதில் இருக்கும். புல வரைபடத்தை இணையத்திலும் எடுக்கலாம். கண்மாய் நீர் பாயும் நிலம், அதாவது ஆயக்கட்டு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், யாரிடம் மனு கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது. ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கண்மாயை மட்டும் அளக்காதீர்கள், வரத்துக் கால்வாய்க்குத் தனி சர்வே எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முதலில் காணாமல் போவது அதுதான். ஊரில் வயல்களுக்குத் தண்ணீர் திறந்து பங்கிடும் நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அளக்கும் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மடையும் கலுங்கும் எங்கே இருந்தன என்று அவர் காட்டுவார்.