ஹோம்ஸ்கூலிங் முடித்து கல்லூரிக்கு: டாலர் டிப்ளமா வாங்கவா, ஆர்.டி. போடவா?

கேள்வி: நாங்கள் பெரம்பூரில் வசிக்கிறோம். கிறிஸ்தவக் குடும்பம். நான் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் நடத்துகிறேன். மகனுக்கு 16 வயது. என்ஐஓஎஸ் (தேசிய திறந்தநிலைப் பள்ளி) மூலம் பத்தாம் வகுப்பை இந்த ஏப்ரல் தேர்வில் முடித்துவிட்டான், இன்ஜினீயரிங் படிக்க ஆசைப்படுகிறான். மகளுக்கு 9 வயது. கணவரின் ஆண்டுச் சம்பளம் 7.7 லட்சம், கைக்கு மாதம் 58,000 வருகிறது. எஃப்.டி.யில் 6 லட்சம் இருக்கிறது. எல்ஐசி எண்டோமென்ட் (சேமிப்பும் காப்பீடும் சேர்ந்த) பாலிசிக்கு வருடம் 36,000 கட்டுகிறோம். சபையில் ஒரு சகோதரி நடத்தும் சீட்டில் மாதம் 5,000 போகிறது. அமெரிக்காவின் கிறிஸ்தவப் பாடத்திட்டம் ஒன்றில் அடுத்த இரண்டு ஆண்டுக்கு மகனைச் சேர்த்து, ஹைஸ்கூல் டிப்ளமா வாங்கித் தரலாமா என்று யோசிக்கிறோம். வருடம் 1,10,000 ரூபாய் ஆகும். அது அவசியமா? கல்விக்கடன், உதவித்தொகை எல்லாம் வீட்டில் படித்த பிள்ளைகளுக்குக் கிடைக்குமா? நான் மாலையில் டியூஷன் எடுத்தால் மாதம் 6,000 வரும். அதனால் வருமானச் சான்றில் சிக்கல் வருமா?

பதில்: முதலில் அந்த 1,10,000. பாடத்திட்டம் வேறு, சான்றிதழ் வேறு. வேதாகமப் பார்வையோடு எழுதப்பட்ட பாடநூல்கள் பிள்ளைக்குப் பிடித்திருந்தால் நூலை மட்டும் வாங்குங்கள், பழைய பிரதியாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. டிப்ளமாவுக்குத் தனியாகப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டு வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றை இங்கே கொடுத்தால், இந்தியப் பல்கலைக்கழகங்கள் கூட்டமைப்பின் இணைச்சான்று எங்கே என்று கேட்பார்கள். வீட்டிலிருந்தே தபால் வழியாகவோ இணையம் வழியாகவோ முடித்த டிப்ளமாக்கள் அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. விற்பவர் 'உலகம் முழுவதும் செல்லும்' என்பார். சென்னையில் உங்கள் மகன் சேர நினைக்கும் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம் அதை எழுத்தில் சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படி ஒரு கடிதம் கையில் இல்லாமல் முதல் தவணையைக்கூட அனுப்ப வேண்டாம்.

மகன் ஏற்கெனவே என்ஐஓஎஸ்ஸில் பத்து முடித்திருக்கிறான். பன்னிரண்டையும் அங்கேயே முடிப்பதுதான் நேர்வழி, மலிவான வழியும் அதுதான். ஐந்து பாடம் போதும், அதில் ஒன்று மொழிப்பாடம். பாடநூல்கள் அதன் இணையதளத்தில் இலவசம், பாடவகுப்புகள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசம். கணிதம், இயற்பியல், வேதியியலுக்குத் தமிழ்நாடு அரசின் 11, 12ஆம் வகுப்புப் புத்தகங்களைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கணக்குகள் அதில் ஏராளம். பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம், அச்சுப் பிரதி வேண்டுமென்றால் கல்லூரிச் சாலை டிபிஐ வளாகத்தில் கிடைக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குச் சொந்தப் புத்தகத்தோடு போகலாம், பைசா செலவில்லை.

இப்படி மிச்சமாகும் தொகையில் மாதம் 9,000 ரூபாயை இரண்டு ஆண்டு ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டால், 6.5% வட்டி என்று வைத்தாலும் சுமார் 2.3 லட்சம் சேரும். இரண்டே ஆண்டில் வேண்டிய பணம் இது, பங்குச்சந்தைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். முதல் செமஸ்டர் கட்டணம் கட்டும் மாதத்தில் சந்தை இறங்கியிருந்தால் கல்லூரி காத்திருக்காது.

என்ஐஓஎஸ்ஸில் பணத்தைவிட நாட்காட்டிதான் பலரைக் கவிழ்க்கிறது. பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது: ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. மாநில வாரியத்தின் பிளஸ் டூ முடிவு மே மாதம் வந்த உடனேயே சென்னைக் கல்லூரிகள் பட்டியல் போடத் தொடங்கிவிடும். என்ஐஓஎஸ் ஏப்ரல் தேர்வின் முடிவோ ஜூனில்தான் வரும். அதற்குள் பி.எஸ்ஸி. இடங்கள் பாதி நிரம்பியிருக்கும். பத்து முடித்து இரண்டு ஆண்டு இடைவெளி இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று கிடைக்காது. ஆனால் ஓர் ஆண்டு கழிந்ததும் அதிகபட்சம் நான்கு பாடங்களை எழுத விதியில் இடமிருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம் நான்கையும் முன்கூட்டியே எழுதிவிட்டால், மதிப்பெண் குறைந்த பாடத்தை மறுபடி எழுதவும் ஒரு வாய்ப்பு மிஞ்சும். கடைசி ஏப்ரலில் ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. மே மாதம் விண்ணப்பிக்கும்போது நான்கு பாட மதிப்பெண்ணையாவது காட்டலாம்.

இன்னும் இரண்டு பள்ளங்கள். டிஎம்ஏ எனப்படும் ஒப்படைப்புகளுக்கு 20% மதிப்பெண் உண்டு. கடைசித் தேதிக்குள் பதிவேற்ற மறந்தால் அந்த 20 போனது போனதுதான். அறிவியல் பாடங்களின் செய்முறைத் தேர்வு, எழுத்துத் தேர்வுக்கு முன்பாக, ஒதுக்கிய மையத்தில்தான் நடக்கும். எழுத்துத் தேர்வுத் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிட்டு ஆறு மாதம் இழக்கிறார்கள்.

தமிழ்நாடு இன்ஜினீயரிங் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படும்: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. விண்ணப்பத்தில் 8 முதல் 12 வரை எங்கே படித்தான் என்று கேட்பார்கள். வீட்டில் படித்த ஆண்டுகளுக்குப் பள்ளிச் சான்று இருக்காது. எனவே நேட்டிவிட்டி சான்றை (தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்ற சான்று) இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி வையுங்கள், ஜூன் மாதக் கூட்டத்தில் போய் நிற்காதீர்கள். 7.5% உள் ஒதுக்கீடும் தமிழ்ப்புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அரசுப் பள்ளி சார்ந்த சலுகைகள் என்பதால் உங்கள் மகனுக்கு வராது. அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

சிறுபான்மைக் கல்லூரிகளில் உங்களுக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி, லயோலா போன்றவற்றில் கிறிஸ்தவ மாணவர்களுக்கென்று இடங்கள் உண்டு. ஞானஸ்நானச் சான்று, போதகரின் கடிதம், சாதிச் சான்று மூன்றும் வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி முன்னுரிமை மாறும், ஓரிடத்தில் கத்தோலிக்கருக்கு, வேறோரிடத்தில் சிஎஸ்ஐ போன்ற சபைகளுக்கு. பதிவு செய்யாத தனிச் சபையில் இருந்தால் அந்தக் கடிதத்தை ஏற்பார்களா என்று முன்னதாகவே கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் கெடுப்பது பெயர்தான். ஆதாரில் 'ஜோ. டேனியல்', ஞானஸ்நானச் சான்றில் 'டேனியல் ஜோசப் ராஜ்', மதிப்பெண் பட்டியலில் 'டேனியல் ஜே' என்று இருந்தால், வங்கியின் கணினிக்கு அவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றையும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பதிவுக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் ஒரு கையெழுத்தோடு முடியும்.

அடுத்து கடன். நான்கு ஆண்டுப் படிப்புக்குக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்.டி. 2.3 லட்சம். எஃப்.டி.யின் 6 லட்சத்தில் 3 லட்சத்தை அவசரத் தேவைக்கு ஒதுக்கினால் மீதி 3 லட்சம். ஆக 5.3 லட்சம் கையில் இருக்கும். பற்றாக்குறை 1.7 லட்சம்தான். வீட்டில் ஒரே சம்பளம் என்பதால் எஃப்.டி.யைத் துடைத்துவிடாமல், மகன் பெயரில் 4 லட்சத்துக்குள் கல்விக்கடன் வாங்குவதைத்தான் பரிந்துரைப்பேன். 4 லட்சம் வரை பிணையும் கேட்பதில்லை, உங்கள் பங்காக முன்பணமும் கேட்பதில்லை. படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஓர் ஆண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதை மாதாமாதம் கட்டிவந்தால் பல வங்கிகள் 1% வரை வட்டியைக் குறைக்கின்றன. விண்ணப்பம் வித்யாலட்சுமி இணையதளம் வழியாக. வீட்டில் படித்தவன் என்பது வங்கிக்குப் பிரச்சினையே அல்ல. அவர்கள் பார்ப்பது மதிப்பெண் பட்டியல், சேர்க்கைக் கடிதம், கல்லூரியின் கட்டண விவரம் மூன்றைத்தான்.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3% வட்டிச் சலுகை உண்டு. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. பயனாளிகள் எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கிறது. உங்கள் டியூஷன் கேள்வி இங்கேதான் வருகிறது. 7.7 லட்சத்தோடு வருடம் 72,000 சேர்ந்தால் 8.42 லட்சம், வரம்பைத் தாண்டிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 4 லட்சம் முழுவதையும் எடுத்த பிறகும் 3% என்பது வருடத்துக்கு 12,000 ரூபாய்தான். 12,000க்காக 72,000ஐ விடுவது நஷ்டம். வருமானத்தை மறைப்பது அதைவிட மோசம், சான்று பொய்யென்று தெரிந்தால் சலுகையைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். டியூஷன் எடுங்கள், உள்ளதைச் சொல்லி விண்ணப்பியுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களில் பலர் கண்ணில் படாத இன்னொரு இடம் டாம்கோ, அதாவது தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம். அதன் இரண்டாம் திட்டத்துக்கும் வருமான வரம்பு 8 லட்சம். மாணவர்களுக்கு வட்டி 8%, மாணவிகளுக்கு 5%. மகனைப் பொறுத்தவரை வங்கியோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. மகள் கல்லூரிக்குப் போகும்போது வருமானம் அந்த வரம்புக்குள் இருந்தால், அந்த 5%தான் முதலில் விசாரிக்க வேண்டிய கடன். ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலப்பிரிவில் கேளுங்கள். கூட்டுறவு வங்கி வழியாக வருவதால் நேரம் எடுக்கும். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு இதை நம்பி உட்கார வேண்டாம்.

மகளுக்குப் பத்து வயது நிறையும் முன் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கிவிடுங்கள். பிறந்தநாள் தாண்டினால் முடியாது. இப்போது வட்டி 8.2%. மாதம் 2,000 போட்டால், இதே வட்டி நீடித்தால், ஒன்பது ஆண்டில் சுமார் 3.1 லட்சம் ஆகும். 18 வயது நிறைந்தாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ, படிப்புக்காக, முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் பாதி வரை எடுக்கலாம். அதுவும் கல்லூரிக் கட்டணச் சீட்டைக் காட்டி, கட்டணம் எவ்வளவோ அவ்வளவுதான். மீதி, கணக்குத் தொடங்கி 21 ஆண்டு முடியும்போது வரும். அதனால் மகளின் கல்லூரிக்கு முழுக்க இதையே நம்பாமல், இன்னொரு 2,000 ரூபாயை இண்டெக்ஸ் ஃபண்டில் (பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் பரஸ்பர நிதி) எஸ்ஐபியாக, அதாவது மாதத் தவணையாகப் போடுங்கள். ஒன்பது ஆண்டு இருக்கிறது, அந்தக் காலத்துக்கு அது பொருந்தும். இந்த 4,000 ரூபாயும் உங்கள் டியூஷன் பணத்திலிருந்தே வந்துவிடும்.

எல்ஐசி எண்டோமென்ட் பாலிசியை வரிக்காக வைத்திருந்தால் அந்தக் காரணம் போய்விட்டது. புதிய வரி முறையில் 7.7 லட்சம் சம்பளத்துக்கு வரியே இல்லை. (கல்விக்கடன் வட்டிக்கான வரிக்கழிவும் பழைய முறையில்தான், உங்களுக்கு அதனால் லாபமில்லை.) ஒரே சம்பளக் குடும்பத்துக்குத் தேவை கணவர் பெயரில் பெரிய தொகைக்கு டெர்ம் இன்ஷூரன்ஸ், அதாவது சேமிப்பு கலக்காத வெறும் ஆயுள் காப்பீடு. தனிநபர் ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் இல்லை. டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகே எண்டோமென்ட்டை பெய்டு-அப் ஆக்குவதை (இனி பிரீமியம் கட்டாமல், கட்டியதற்கேற்ற குறைந்த தொகையோடு பாலிசியைத் தொடர்வதை) பற்றிக் கிளையில் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனையில் ஏதாவது வந்து புது பாலிசி மறுக்கப்பட்டால் பழையதாவது இருக்க வேண்டும்.

சபைச் சீட்டு. நடத்துபவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யாத சீட்டில், எடுத்தவர்கள் இருவர் கட்டாமல் நின்றால் போய்க் கேட்க ஓர் அலுவலகம் கிடையாது. சகோதரியிடம்தான் கேட்க வேண்டும், அடுத்த ஞாயிறு ஆராதனையில் அதே பெஞ்சில் உட்காரவும் வேண்டும். இப்போது ஓடும் சீட்டை முடித்துக்கொள்ளுங்கள். அடுத்த சீட்டுக்குப் பெயர் கேட்டு வந்தால், மகன் கல்லூரிக்காக ஆர்.டி. தொடங்கிவிட்டோம் என்று சொல்லுங்கள்.