பதில்: துறைமுகம் இல்லாத கரையில் இருந்து கன்டெய்னர்களை முன்னணிக்கு அனுப்புவது

நண்பரே, உங்கள் பயிற்சித் திட்டத்தை முழுக்கப் படித்தேன். 20 அடி கன்டெய்னர்களைக் கடற்கரையில் இறக்கி, பிரிக்காமல் அப்படியே லாரியில் முன்னணிப் படைகள் வரை அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். காலிப் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல், சரக்கு முழுக்க ஏறினால் 20 டன்னைத் தாண்டலாம். அதைத் தூக்கி இறக்கும் பெரிய ஃபோர்க்லிஃப்ட் முன்னணியில் இருக்காது. ஈர மணலில் இரும்புப் பாய் விரிக்காமல் லாரியை விட்டால் அச்சு வரை புதைந்துவிடும், பின்னால் வருவதெல்லாம் அங்கேயே நிற்கும். கரைக்குச் சற்று உள்ளே, கெட்டியான தரையில் திறந்து, பேலட்டுகளாக (சரக்கை அடுக்கித் தூக்கும் தட்டையான பலகைகள்) பிரித்து, சின்ன லாரிகளில் அனுப்புங்கள்.

அப்புறம், உங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரிய வேண்டும். 1991 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா அனுப்பிய சுமார் 40,000 கன்டெய்னர்களில் பாதிக்கு மேல் திறந்து பார்த்துத்தான் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் ரேடியோ அடையாள வில்லைகளில் (RFID: பெட்டியைத் திறக்காமலே அதன் விவரத்தை ரேடியோ அலையால் படிக்க உதவும் சிறு கருவி) அவர்கள் தீவிரமாக இறங்கினார்கள். கதவைத் திறந்தால் கூரை வரை கூடாரத் துணி, இன்றைக்கே வேண்டிய பேட்டரி அதற்குப் பின்னால் கடைசி மூலையில் என்றால் அங்கே காத்திருப்பவன் என்ன செய்வான்? முதலில் தேவைப்படுவதைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள், கதவுப் பக்கம் இருக்கும். முடிந்தவரை ஒரு பெட்டி ஒரே படைப்பிரிவுக்கு. காலிப் பெட்டிகள் திரும்பி வரும் வழியையும் வரைபடத்தில் போடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் நாளே கரையில் இடம் இருக்காது.